பத்து விரல் ரேகைக்கு ஒரு விமான டிக்கெட்டா? வெளிநாட்டில் இருந்தபடியே அமெரிக்கக் குடியுரிமைக்கு ரேகை கொடுப்பது எப்படி

நம் ஊரில் இப்போது பல வீடுகளில் நடக்கிற கதைதான் இது. கோயம்புத்தூர்ப் பெண் ஒருவருக்குத் திருமணமாகி அமெரிக்கா போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணவர் அமெரிக்கக் குடிமகன். பெண்ணுக்குக் கிரீன் கார்டும் வந்துவிட்டது. அங்கே குடித்தனம் நிலைபெறும் நேரத்தில், கணவரின் நிறுவனம் அவரை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ அனுப்புகிறது. அம்மா அப்பாவுக்கு மகிழ்ச்சி. பெண்ணுக்கோ ஒரே கவலை: "என் கிரீன் கார்டு என்ன ஆகும்?"

கவலையில் நியாயம் இருக்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால், குடியுரிமைக்குத் தேவையான தொடர் வசிப்பு அறுந்ததாகக் கருதப்பட வாய்ப்பு உண்டு. ஓராண்டு ஆகிவிட்டால் சிக்கல் இன்னும் பெரிது. திரும்பிப் போகும்போது விமான நிலையத்திலேயே "அமெரிக்காவில் வசிப்பதைக் கைவிட்டுவிட்டீர்களா?" என்று கேட்பார்கள்.

இப்படிப்பட்ட குடும்பங்களுக்காகவே அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விரைவு வழி இருக்கிறது. அந்த வழியில் போகிறவர்கள் பலர் தடுமாறுகிற இடம் விரல் ரேகை. அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

விரைவு வழி என்பது என்ன?

அமெரிக்கக் குடியேற்றம் மற்றும் குடியுரிமைச் சட்டத்தின் 319(பி) பிரிவுதான் அது. சாதாரணமாக, அமெரிக்கக் குடிமகனின் மனைவியோ கணவரோ கிரீன் கார்டு பெற்று மூன்று ஆண்டுகள் அங்கே வசித்த பிறகுதான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியும். மற்றவர்களுக்கு ஐந்து ஆண்டுகள். 319(பி) பிரிவில் இந்த ஆண்டுக் கணக்கே கிடையாது. இத்தனை நாள் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தாது. உங்கள் துணைவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். ஓராண்டுக்குக் குறையாத காலத்துக்கு, ஒப்பந்தத்தின்படியோ பணி உத்தரவின்படியோ வெளிநாட்டில் பணியமர்த்தப்பட்டிருக்க வேண்டும். அந்த வேலையும் சட்டம் சொல்கிற வகையில் இருக்க வேண்டும்:

• அமெரிக்க அரசுப் பணி (ராணுவமும் இதில் அடங்கும்)
• அங்கீகரிக்கப்பட்ட அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனம்
• அமெரிக்காவின் வெளிநாட்டு வணிகத்தை வளர்ப்பதில் ஈடுபட்டுள்ள அமெரிக்க நிறுவனம், அல்லது அதன் துணை நிறுவனம்
• அமெரிக்கா ஒப்பந்தத்தாலோ சட்டத்தாலோ பங்கேற்கும் பன்னாட்டு அமைப்பு
• அமெரிக்காவில் முறையான அமைப்பு உள்ள சமயப் பிரிவின் குருமார் பணி அல்லது ஊழியம்

சென்னையில் வேலை பார்ப்பவர்கள் மூன்றாவது வரியை நன்றாகக் கவனிக்க வேண்டும். சம்பளச் சீட்டில் இந்திய 'பிரைவேட் லிமிடெட்' பெயர் இருக்கலாம். அதனால் தகுதி போய்விடாது. அந்த நிறுவனத்தில் பாதிக்கு மேல் அமெரிக்கத் தாய் நிறுவனத்துக்குச் சொந்தமா என்பதுதான் கேள்வி. இதை மனிதவளத் துறையிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

இன்னும் மூன்று விஷயங்கள் உண்டு. கையில் செல்லுபடியாகும் கிரீன் கார்டு இருக்க வேண்டும். துணைவரோடு வெளிநாட்டில் வசிக்கப் போகிறீர்கள், அவர் பணி முடிந்ததும் உடனே அமெரிக்காவுக்குத் திரும்பிக் குடியிருப்பீர்கள் என்று எழுதித் தர வேண்டும். நேர்முகத் தேர்வுக்கும் உறுதிமொழிக்கும் நீங்கள் நேரில் அமெரிக்காவில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைக்கு மாற்று வழி கிடையாது. அதற்கு ஒரு முறை விமானம் ஏறித்தான் ஆக வேண்டும். ரேகைக்காக இன்னொரு முறை ஏற வேண்டுமா என்பதுதான் நம் கேள்வி.

ரேகை எதற்கு?

குடியுரிமை விண்ணப்பப் படிவத்தின் பெயர் என்-400. அது யு.எஸ்.சி.ஐ.எஸ். என்ற குடியுரிமை மற்றும் குடியேற்றச் சேவை அமைப்புக்குப் போகும். அவர்கள் உங்கள் பத்து விரல் ரேகையை எஃப்.பி.ஐ.யிடம் கொடுத்து, குற்றப் பதிவு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தப் பதில் வராமல் உங்கள் விண்ணப்பத்தில் முடிவு எடுக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இது எளிது. அருகிலுள்ள விண்ணப்ப உதவி மையத்தில் தேதி தருவார்கள். போய் ஸ்கேனரில் விரல் வைத்துவிட்டு வந்தால் வேலை முடிந்தது. சென்னையில் இருக்கிற உங்களுக்கு அந்த மையம் இல்லை.

"ஆதாருக்கு ஏற்கெனவே ரேகை கொடுத்திருக்கேனே, அதை எடுத்துக்க மாட்டாங்களா?" என்று சிலர் கேட்பதுண்டு. மாட்டார்கள். ஆதார் இந்திய அரசின் தனிப் பதிவு. அமெரிக்க விசாவுக்காகக் கொடுத்த ரேகையைக் காட்டியும் நீங்களாக விலக்குக் கேட்க முடியாது. ஆனால், கிரீன் கார்டுக்காக முன்பு எடுத்த ரேகையையே மீண்டும் பயன்படுத்திக்கொள்கிறோம் என்று யு.எஸ்.சி.ஐ.எஸ். தானாகவே கடிதம் அனுப்புவது உண்டு. அப்படி வந்தால் உங்களுக்கு அலைச்சல் மிச்சம். அதனால் விண்ணப்பித்த பிறகு வரும் ஒவ்வொரு கடிதத்தையும் முழுசாகப் படியுங்கள்.

உங்கள் முன் இருக்கும் இரண்டு வழிகள்

முதல் வழி: வெளிநாட்டிலேயே கொடுப்பது. எஃப்.டி.-258 என்ற ரேகை அட்டையில் மையில் விரலை உருட்டிப் பதிந்து அனுப்புவது இது. அமெரிக்கத் தூதரகம், துணைத் தூதரகம் அல்லது அமெரிக்க ராணுவ முகாமில் எடுக்கப்பட்டதாக அட்டை இருக்க வேண்டும். வீட்டுக்குப் பக்கத்துக் காவல் நிலையத்திலோ தனியார் ரேகை மையத்திலோ எடுத்து அனுப்பினால் வேலைக்கு ஆகாது.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். எஃப்.பி.ஐ.யிடமிருந்து ஒருவர் தன் சொந்தக் குற்றப் பதிவுச் சான்றை 18 டாலர் கட்டி வாங்கிக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. அதற்கும் இதே எஃப்.டி.-258 அட்டைதான். அதற்கு உள்ளூர் காவல் நிலையத்திலோ தனியார் மையத்திலோ ரேகை எடுக்கலாம். அதைப் பார்த்துவிட்டு, குடியுரிமைக்கும் அப்படியே செய்யலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். அட்டை ஒன்றாக இருந்தாலும் வேலை வேறு. அந்த எஃப்.பி.ஐ. சான்றை இணைத்து அனுப்பினாலும், யு.எஸ்.சி.ஐ.எஸ். தன் சோதனையைத் தனியாகச் செய்யும்.

இரண்டாம் வழி: அமெரிக்கா போய்க் கொடுப்பது. அமெரிக்காவில் நீங்கள் தங்கப்போகும் ஊரின் மையத்தில் தேதி வாங்கிக்கொண்டு போவது. ஸ்கேனரில் எடுப்பதால் தெளிவாக விழும், திரும்பி வரும் வாய்ப்பு குறைவு. ஆனால் டிக்கெட் செலவு, லீவு, சின்னக் குழந்தை இருந்தால் அதை யார் பார்ப்பது என்ற கேள்வி எல்லாம் சேர்ந்து வரும். ஏற்கெனவே வேறு காரணத்துக்காக அமெரிக்கா போகப் போகிறீர்கள் என்றால் இதுவே நல்ல வழி.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், விண்ணப்பத்தோடு வைக்கும் முகப்புக் கடிதத்தில் அதைத் தெளிவாக எழுதுங்கள். "319(பி) பிரிவில் விண்ணப்பிக்கிறேன், வெளிநாட்டில் வசிக்கிறேன், ரேகையை இன்ன இடத்தில் கொடுக்க விரும்புகிறேன், நேர்முகத் தேர்வை இன்ன ஊர் அலுவலகத்தில் வைத்துக்கொள்ள விரும்புகிறேன்" என்று நாலு வரி போதும். 319(பி) விண்ணப்பதாரர் நேர்முகத் தேர்வுக்கான அலுவலகத்தைத் தானே தேர்ந்தெடுத்துக் கேட்கலாம். உறவினர் வீடு இருக்கும் ஊராகப் பார்த்துக் கேட்டால் தங்கும் செலவு மிச்சம்.

துணைத் தூதரகத்துக்குப் போகும் முன்

சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகம் அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். ஆனால் நேராகப் போய் நின்றால் உள்ளே விட மாட்டார்கள். விசா வரிசையும் இதற்கு உரியதல்ல. அமெரிக்கக் குடிமக்கள் சேவைப் பிரிவைத்தான் அணுக வேண்டும்.

எல்லாத் தூதரகங்களும் ரேகை எடுப்பதில்லை என்பதை மறக்காதீர்கள். எடுக்கிற இடங்களிலும் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் எடுக்கலாம். அதனால் முதலில் மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்:

1. 319(பி) விண்ணப்பத்துக்காக எஃப்.டி.-258 அட்டையில் ரேகை எடுத்துத் தருவீர்களா?
2. கட்டணம் எவ்வளவு? எப்படிக் கட்டுவது?
3. அட்டையை நான் கொண்டு வர வேண்டுமா, நீங்களே தருவீர்களா?
4. யு.எஸ்.சி.ஐ.எஸ். அனுப்பிய கடிதம் கையில் இருக்க வேண்டுமா?
5. முடிந்ததும் அட்டையை என் கையில் தருவீர்களா, நீங்களே அனுப்புவீர்களா?

பதில் எழுத்தில் வரட்டும். போனில் ஒருவர் சொன்னதை நம்பிப் போய், வாசலில் வேறொருவர் "இங்கே எடுக்கறதில்லை" என்று சொன்னால் உங்கள் ஒரு நாள் போய்விடும். உங்கள் ஊரில் எடுப்பதில்லை என்று பதில் வந்தால் மனம் தளர வேண்டாம். அதே நாட்டின் வேறு துணைத் தூதரகத்தில் கேளுங்கள். அங்கேயும் இல்லையென்றால் இரண்டாம் வழிதான். துணைவர் அமெரிக்க அரசுப் பணியிலோ ராணுவத்திலோ இருந்தால், அவர்கள் துறையிலேயே குடும்பங்களுக்கு உதவும் பிரிவு இருக்கும். அங்கே கேட்டால் வேலை சீக்கிரம் நடக்கும்.

போகும் நாளில் பாஸ்போர்ட், கிரீன் கார்டு, அப்பாயின்ட்மென்ட் உறுதிச் சீட்டு, யு.எஸ்.சி.ஐ.எஸ். கடிதம் ஆகியவற்றை அசலோடு எடுத்துப் போங்கள். பாதுகாப்பு விதி கடுமையாக இருக்கும். செல்போனை உள்ளே அனுமதிப்பார்களா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் போனில் இருக்கிறது என்று வெறுங்கையோடு போகாதீர்கள். காகிதத்தில் அச்செடுத்துப் போங்கள்.

அட்டையை நிரப்பும்போது

எஃப்.டி.-258 எட்டு அங்குல நீள அகலம் உள்ள சதுர அட்டை. மேல் பாதியில் விவரங்கள். கீழே பத்து விரல்களுக்குத் தனித்தனிக் கட்டம். அதற்கும் கீழே நான்கு விரலையும் சேர்த்து வைக்கும் கட்டங்களும் கட்டைவிரல் கட்டங்களும்.

பெயரை என்-400 படிவத்தில் எழுதியபடியே எழுதுங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இதில்தான் அதிகச் சிக்கல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்ந்திருக்கும். பள்ளிச் சான்றிதழில் வெறும் இனிஷியல் மட்டும் இருக்கும். இப்போது புழங்கும் சட்டப் பெயரை முதல் கட்டத்திலும், முன்பு பயன்படுத்திய மற்றப் பெயர்களை அதற்கான கட்டத்திலும் எழுதுங்கள். உயரத்தை அடி, அங்குலத்தில் எழுத வேண்டும். பிறந்த தேதியை அமெரிக்க முறையில், மாதம் முதலில் வரும்படி எழுத வேண்டும். கிரீன் கார்டில் உள்ள ஏ-எண்ணை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கடிதத்தைப் பார்த்தோ அதிகாரியிடம் கேட்டோ எழுதுங்கள். அந்த எண் விட்டுப்போனால் உங்கள் அட்டையைக் கோப்போடு சேர்ப்பது கடினம்.

கையெழுத்தை வீட்டிலேயே போட்டுவிடாதீர்கள். அதிகாரியின் முன்புதான் போட வேண்டும். அவரும் கையெழுத்திட்டுத் தேதி போட்டிருக்கிறாரா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

விரல் நன்றாக விழ

மை ரேகையில் திரும்பி வரும் அட்டைகள் உண்டு. காரணம் பெரும்பாலும் சாதாரணமானது: விரல் உலர்ந்து வெடித்திருப்பது, வியர்வை, மை அதிகமாகிப் போவது. பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் கை தேய்ந்த பெண்களுக்கும், தோட்ட வேலை, சிமெண்ட் வேலை பார்த்தவர்களுக்கும் ரேகை மங்கலாக இருக்கும். ரேஷன் கடையில் விரல் வைத்து மெஷின் ஏற்காமல் போன அனுபவம் உள்ளவர்கள் இதை எளிதாகப் புரிந்துகொள்வார்கள்.

• ஒரு வாரம் முன்பிருந்தே இரவில் கைக்கு எண்ணெயோ கிரீமோ தடவுங்கள். அன்று காலையில் மட்டும் தடவ வேண்டாம்.
• விரல் நுனியில் மருதாணி வைப்பதைத் தள்ளிப் போடுங்கள். வீட்டில் கல்யாணம் இருந்தால் அதற்குத் தகுந்தபடி தேதி வாங்குங்கள்.
• கையைக் கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள்.
• விரலை நீங்களாக அழுத்த வேண்டாம். கையைத் தளர்த்தி விடுங்கள், அதிகாரி உருட்டுவார். நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே சுற்றில் உருள வேண்டும். கட்டைவிரல் உடம்பை நோக்கியும் மற்ற விரல்கள் உடம்பை விட்டு வெளியேயும் உருளும்.
• விரலில் வெட்டுக் காயம் இருந்தால் ஆறும்வரை தேதியை மாற்றுங்கள். விரல் இல்லாதவர்கள் அதை அதிகாரியிடம் சொன்னால் கட்டத்தில் குறித்துவிடுவார்.
• முடிந்தால் இரண்டு அட்டைகளில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மங்கினாலும் இன்னொன்று கைகொடுக்கும்.

அட்டையை மடிக்கக் கூடாது. ஸ்டேப்ளர் அடிக்கக் கூடாது. இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்து, தட்டையான உறையில், கண்காணிப்பு எண் தரும் கூரியரில் அனுப்புங்கள். எந்த முகவரிக்கு, எந்தத் தேதிக்குள் அனுப்புவது என்பது உங்களுக்கு வந்த கடிதத்தில் இருக்கும். பழைய விண்ணப்பதாரர் கொடுத்த முகவரிக்கு அனுப்பிவிடாதீர்கள். அனுப்பும் முன் அட்டையின் இரு பக்கத்தையும் கடிதத்தையும் போனில் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள்.

ரேகை திரும்பி வந்தால்?

பயப்பட வேண்டாம். ரேகை தெளிவாக இல்லை என்பதற்காக விண்ணப்பம் தள்ளுபடி ஆகாது. இன்னொரு முறை கொடுக்கச் சொல்வார்கள். இரண்டாவது முறையும் எஃப்.பி.ஐ.யால் படிக்க முடியாவிட்டால், நீங்கள் வசித்த இடங்களின் காவல்துறை நன்னடத்தைச் சான்றுகளைக் கேட்பார்கள்.

இந்தியாவில் வசித்த காலத்துக்கான சான்றை இந்தியக் குடிமக்கள் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வாங்கலாம். பி.சி.சி. என்று சொல்வது இதைத்தான். 'எம்பாஸ்போர்ட் சேவா' செயலியிலேயே பதிந்து, 500 ரூபாய் கட்டி, தேதி எடுக்கலாம். வேறு நாட்டில் வசிப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் ரேகை மங்கலானது என்று முன்பே தெரிந்தால், சென்னையில் இருக்கும்போதே இதை வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

தேதிக் கணக்கு முக்கியம்

ரேகைச் சோதனையின் முடிவு 15 மாதங்களுக்குச் செல்லும். இந்த ஜனவரியில் எஃப்.பி.ஐ. சோதனை முடிந்தால், அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை. நேர்முகத் தேர்வும் முடிவும் அதற்குள் நடக்காவிட்டால் மறுபடியும் ரேகைதான். அதனால் துணைவரின் பணிக்கால ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். வெளிநாட்டுப் பணி முடிந்து குடும்பமே திரும்பிவிட்டால் 319(பி) வழியும் மூடிக்கொள்ளும். பிறகு மூன்று ஆண்டுக் கணக்குக்குத்தான் போக வேண்டும். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் வாய்ப்பை இழப்பது இப்படித்தான்.

இன்னொன்று. விண்ணப்பம் நடக்கும் காலம் முழுக்க கிரீன் கார்டு உயிரோடு இருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் வெளியே இருப்பீர்கள் என்றால், கிளம்பும் முன்பே மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். அதிகபட்சம் இரண்டு ஆண்டுக்குத் தருவார்கள். அதற்கு விண்ணப்பிக்கும்போது நீங்கள் அமெரிக்காவுக்குள் இருக்க வேண்டும். சென்னைக்கு வந்த பிறகு நினைத்துப் பயனில்லை.

கட்டணமும் தேர்வும்

என்-400 கட்டணம் 2024 ஏப்ரல் 1 முதல் காகித விண்ணப்பத்துக்கு 760 டாலர், இணையத்தில் 710 டாலர். யு.எஸ்.சி.ஐ.எஸ். ரேகைக் கட்டணம் இதிலேயே அடக்கம். வெளிநாட்டில் இருந்து எந்த முறையில் விண்ணப்பிக்கலாம், அன்றைய கட்டணம் என்ன என்பதை அனுப்பும் நாளில் அதிகாரப்பூர்வத் தளத்தில் ஒருமுறை பாருங்கள்.

குடிமைத் தேர்வும் உண்டு. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 20 கேட்பார்கள். 12 சரியாகச் சொல்ல வேண்டும். ரேகைக்குக் காத்திருக்கும் மாதங்களில் தினமும் ஐந்து கேள்வி படித்தாலே போதும்.

இந்தியப் பக்கத்தில் செய்ய வேண்டியவை

உறுதிமொழி எடுத்த அன்றே, 1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி உங்கள் இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும். இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்க வேண்டும். அதன் பிறகு வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டைக்கு, அதாவது ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். வாக்காளர் பட்டியலிலும் குடும்ப அட்டையிலும் பெயர் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் விவசாய நிலம் வாங்க முடியாது. ஆனால் பரம்பரைச் சொத்தாக வருவதைப் பெறலாம். சென்னையில் குடும்பத்தோடு வசிப்பவர்கள் உறுதிமொழிக்குப் பிறகு எந்த ஆவணத்தில் இந்தியாவுக்குத் திரும்புவது என்பதையும் டிக்கெட் போடும் முன்பே திட்டமிடுங்கள். பழைய இந்தியப் பாஸ்போர்ட்டில் திரும்பி வரக் கூடாது.

ஏமாறாதீர்கள்

"ரேகை நாங்களே எடுத்து அனுப்பிடறோம், நீங்க வரவே வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் சொல்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் விரலை உங்களுக்காக வேறு யாரும் வைக்க முடியாது. அமெரிக்க அரசுத் தளங்களின் முகவரி 'டாட் கவ்' என்று முடியும். கிப்ட் கார்டில் எந்த அமெரிக்க அலுவலகமும் கட்டணம் கேட்காது. சட்ட ஆலோசனை வேண்டுமென்றால் அமெரிக்க வழக்கறிஞரிடமோ அந்நாட்டு நீதித் துறை அங்கீகரித்த பிரதிநிதியிடமோ மட்டும் கேளுங்கள்.

விண்ணப்ப ரசீதில் மூன்று எழுத்தும் பத்து எண்களும் கொண்ட ஓர் எண் இருக்கும். அதை வைத்து உங்கள் போனிலேயே நிலையைப் பார்க்கலாம். வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள். வீடு மாறினால் முகவரியைப் பத்து நாளுக்குள் தெரிவியுங்கள். ரேகைக் கடிதம் பழைய வீட்டுக் கதவடியில் கிடந்து, தேதி தாண்டிப் போன பிறகு தெரிய வரும் நிலை உங்களுக்கு வர வேண்டாம்.

இன்று என்ன செய்யலாம்? துணைவரின் ஒப்பந்தத்தை எடுத்து முடிவுத் தேதியைப் பாருங்கள். பிறகு துணைத் தூதரகத்துக்கு அந்த ஐந்து கேள்விகளை அனுப்புங்கள். மற்றதெல்லாம் அந்தப் பதில் வந்த பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.